தவக்கால நோன்பு: பங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் தொடங்கும் நாளான திருநீற்றுப் புதனுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கேள்விகள் வந்துவிடும். மீன் சாப்பிடலாமா, தேநீர் குடிக்கலாமா, சர்க்கரை நோய் இருக்கிறதே என்ன செய்வது, பிள்ளைகளையும் பட்டினி போட வேண்டுமா. பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவை. அதில் தவறில்லை, நோன்பு அங்கேதான் தொடங்குகிறது. கீழே உள்ள பதில்கள் இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ்க் கத்தோலிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த முறையினர்தாம். மற்றத் திருச்சபையினரைப் பற்றித் தனியே ஒரு கேள்வி இருக்கிறது. திருச்சபைச் சட்டம் எது, வழக்கம் எது, என் சொந்தக் கருத்து எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

தவக்காலம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வருகிறது?

தவக்காலம் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) நம்மைத் தயாரிக்கும் காலம்; அந்தப் பெருவிழா நிலவைப் பார்த்து வருவது. மார்ச் 21-ஐ இளவேனில் சமநாளாக வைத்து, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. அங்கிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் திருநீற்றுப் புதன். 2026-இல் அது பிப்ரவரி 18. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. 2027-இல் பிப்ரவரி 10. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28.

இந்தக் கணக்குப்படி திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-க்கு முன்னால் வர முடியாது, மார்ச் 10-ஐத் தாண்டவும் முடியாது. பிப்ரவரி 4 மிக அரிதாகவே வரும். 1693-இல் அப்படி வந்தது. அன்றுதான் இராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். ஓரியூருக்குப் போகிறவர்களில் பலருக்கு அது ஒரு திருநீற்றுப் புதன் என்பது தெரியாது.

நாற்பது நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே?

இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள்; அன்று நோன்பிருப்பதில்லை என்பது பழைய மரபு.

நாற்பது என்ற எண்ணிக்கையும் ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் புனித இரேனியு எழுதிய கடிதம் ஒன்றில், சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல், சிலர் நாற்பது மணி நேரம் என்று அவரவர் வழக்கப்படி பாஸ்காவுக்கு, அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, முன் நோன்பிருந்த செய்தி இருக்கிறது. 325-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் விதிகளில் 'நாற்பது' என்ற பெயரிலேயே இக்காலம் குறிப்பிடப்படுகிறது. திருத்தந்தை பெரிய கிரகோரி வேறு கணக்கு போட்டார்: ஆறு வாரத்தில் ஞாயிறு போக 36 நாள், அது ஆண்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு, ஆகவே நாம் கடவுளுக்குச் செலுத்தும் தசமபாகம். குறைந்த நான்கு நாளையும் சேர்த்து நாற்பதாக்கத்தான் தொடக்கம் புதன்கிழமைக்கு நகர்ந்தது.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது?

பலர் நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் கேட்கிறது. சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்ப்பு. ஒருசந்தி என்பது நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரியில் பழைய விதிகளைத் திருத்தினார்; 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை அடியொற்றியது. அதன்படி ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அந்த இரு நாளும் சுத்தபோசனமும் உண்டு. அது போகத் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்க்க வேண்டும்.

ஆண்டின் எல்லா வெள்ளிகளுமே தவநாள்கள் என்பதைச் சட்டம் இன்றும் சொல்கிறது. அதை நம்மில் பலர் மறந்தே போனோம். அந்தந்த நாட்டு ஆயர் பேரவை இவற்றை வேறு தவமுயற்சிகளாக மாற்றி அமைக்கலாம். எனவே உங்கள் மறைமாவட்டத்தின் தவக்காலச் சுற்றறிக்கையைப் பங்கில் வாசிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒருசந்தி நாளில் ஒரு முழுச் சாப்பாடு போக, காலையிலும் மாலையிலும் சிறிதளவு எடுத்துக்கொள்ள 1966-ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. 'சிறிதளவு' எவ்வளவு என்பதை அது கிராம் கணக்கில் சொல்லவில்லை. நான்கு இட்லி சிறிதளவு அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

யார் யாருக்கு இது கடமை?

இறைச்சி தவிர்ப்பு 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்கு மேல் வரம்பு இல்லை. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: எழுபது வயதுப் பாட்டி வெறும் கஞ்சியோடு இருப்பார், முப்பது வயதுப் பேரன் மூன்று வேளையும் சாப்பிடுவான்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா?

சட்டப்படி சாப்பிடலாம். தடை ஆடு, மாடு, பன்றி, கோழி போன்றவற்றின் இறைச்சிக்கு மட்டுமே.

ஆனால் இந்தச் சலுகை பிறந்த சூழலையும் பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பாவில் இறைச்சி செல்வத்தின் அடையாளம். உப்பு போட்ட மீன் எளியவரின் சாப்பாடு. இறைச்சியை விட்டு மீனுக்கு வருவது அங்கே ஒரு படி இறங்கி வருவது. நம் நிலைமை வேறு. தூத்துக்குடியிலோ கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலோ மீன் அன்றாடச் சோறு. அங்கே ஒரு மீனவக் குடும்பம் வெள்ளிக்கிழமை சாளைக் குழம்பு வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அதைவிட எளிய சாப்பாடு அந்த வீட்டில் கிடையாது. சென்னையில் ஒருவர் கோழிக்கறியைத் தியாகம் செய்துவிட்டு வஞ்சிரம் வறுவலுக்கும் இறால் தொக்குக்கும் உட்கார்ந்தால், சட்டத்தின் ஒரு எழுத்தைக்கூட அவர் மீறவில்லைதான். நோன்பு இருந்தாரா என்றால், இல்லை என்பேன்.

தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் மீன், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து, தவக்காலம் முழுவதும் கவிச்சியே சமைப்பதில்லை. இது சட்டம் அல்ல, வழக்கம். நல்ல வழக்கம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி ஆண்டு முழுவதுமே புலால் விலக்கி, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியுமாக வாழ்ந்தவர். அவரைப் பார்த்த மதுரை மக்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளாத பக்கத்து வீட்டாரைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை.

முட்டை, பால், நெய்?

இன்றைய சட்டத்தில் தடை இல்லை. கறித் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி மனத்தில் எழுந்தாலே ரசம் சாதம் சாப்பிட்டுவிடுவது நல்லது.

டீ, காபி, தண்ணீர்?

தண்ணீருக்கு எந்த நாளும் தடை இல்லை. நீர்மம் நோன்பை முறிக்காது என்பது அறநெறி இறையியலார் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விதி. தேநீரும் காபியும் அதில் அடங்கும். உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் பால், ஹார்லிக்ஸ், பழக்கூழ் ஆகியவை பானம் என்ற பெயரில் வரும் உணவு. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உட்கொள்ளாமல் இருப்பது தனி விதி. அதில் தண்ணீரும் மருந்தும் மட்டும் விலக்கு.

இரவு வேலை பார்க்கிறேன். என் வெள்ளிக்கிழமை எது?

திருச்சபைச் சட்டத்தில் ஒரு நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிறது. வியாழன் இரவு வேலைக்குப் போய், இடைவேளையில் இரவு 1 மணிக்குக் கேன்டீனுக்குச் சாப்பிடச் சென்றால், அது வெள்ளி.

சர்க்கரை நோய் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறேன். நோன்பிருக்க ஆசை. என்ன செய்யலாம்?

நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடும் உடலுழைப்பு செய்பவர்கள் ஆகியோரை ஒருசந்தி கட்டுப்படுத்தாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரை அளவைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகள் எடுப்பவர்களும் வேளை தவறினால் மயங்கி விழ நேரும், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளையைக்கூட விடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருப்பது தவம் ஆகாது, அசட்டுத் துணிச்சல்.

ஆசையை என்ன செய்வது? வேளையை விடாமல் சுவையை விடலாம். மருத்துவர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில், ஊறுகாயும் அப்பளமும் தொடாமல், முணுமுணுக்காமல் நாற்பது நாளும் சாப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஒறுத்தல் என்பது தெரியும்.

பிள்ளைகளுக்கு?

பதினான்கு வயதுக்குக் கீழே கடமை எதுவும் இல்லை. ஆனால் தவத்தின் உண்மையான பொருளை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது பெற்றோரும் பங்குத்தந்தையும் என்று சட்டமே சொல்கிறது. கற்பிப்பது என்றால் தவக்காலத்தைச் சாக்கிட்டு, நாம் ஏற்கெனவே நிறுத்த நினைத்த மிட்டாயையும் கார்ட்டூனையும் பிடுங்குவது அல்ல. பிள்ளையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அது தேர்ந்தெடுத்ததைப் பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடித்தால், அந்த வீட்டில் மறைக்கல்வி தானாக நடக்கும்.

சரி, விதி தெரிந்துவிட்டது. விதிக்கு மேல் எதை விடுவது, எதைத் தொடங்குவது?

முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலோர் திருநீற்றுப் புதன் காலையில், நெற்றியில் சாம்பலோடு நின்றுகொண்டு இதை யோசிக்கிறார்கள். அப்போது வரும் யோசனைகள் பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கும்: 'இனிக் கோபப்பட மாட்டேன்', 'நிறைய ஜெபிப்பேன்'. மூன்றாம் நாள் அவை காணாமல் போய்விடும், ஏனென்றால் அவற்றைக் கடைப்பிடித்தோமா இல்லையா என்று பார்க்கவே வழியில்லை.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதியின் 49-ஆம் அதிகாரம் மிகச் சிறியது. தவக்காலத்தைப் பற்றி அதைவிட நடைமுறையான ஒன்றை நான் வாசித்ததில்லை. துறவியின் வாழ்வு முழுவதுமே தவக்காலமாக இருக்க வேண்டும், ஆனால் அந்த வலிமை சிலருக்குத்தான் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இந்த நாள்களிலாவது வழக்கமான கடமைக்கு மேல் ஏதாவது ஒன்றைக் கூட்டுங்கள் என்கிறார்: உணவில், பானத்தில், தூக்கத்தில், வீண்பேச்சில், கேலியில் கொஞ்சம் குறையுங்கள். பிறகு ஒரு நிபந்தனை. எதைச் செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே மடத்துத் தலைவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். சொல்லாமல் செய்வது அகந்தையில் சேரும். உயிர்ப்புப் பெருவிழாவை மகிழ்ச்சியோடு எதிர்நோக்கியிருங்கள் என்பதையும் அதே அதிகாரத்தில்தான் சொல்கிறார்.

இதை நம் வீட்டுக்கு இப்படிக் கொண்டுவரலாம். திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு உட்கார்ந்து யோசியுங்கள். ஒன்றை விடுங்கள், ஒன்றைத் தொடங்குங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டும் இரவில் படுக்கும்முன் 'செய்தேன், செய்யவில்லை' என்று பதில் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும். 'கோபத்தைக் குறைப்பேன்' என்பதற்குப் பதில், 'மாமியாரிடம் குரல் உயர்த்தினால் அன்று இரவுக்குள் மன்னிப்புக் கேட்பேன்' என்று வையுங்கள். அதை ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: கணவரோ மனைவியோ, ஆன்ம குருவோ, அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுவில்) நம்பகமான ஒருவரோ. ஊருக்குச் சொல்ல வேண்டாம். நோன்பிருக்கும்போது தலையில் எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ளச் சொன்ன இயேசுவின் வார்த்தை மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. திருநீற்றுப் புதன் திருப்பலியில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். வாசகத்தைக் கேட்டுவிட்டு, சாம்பல் பூசிய நெற்றியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இதைப் பற்றி நான் மேலும் எதுவும் சொல்லவில்லை.

எதை விடுவது என்று தெரியவில்லையா? ஒரு நாள் கிடைக்காவிட்டால் எது உங்களை எரிச்சல்படுத்துகிறது என்று பாருங்கள். பட்டியல் தானாக வரும்.

அசைவத்துக்குப் பதில் செல்பேசியை விடலாமா?

'பதில்' வேண்டாம்; 'கூட' என்றால் நல்லது. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பு திருச்சபை முழுவதும் சேர்ந்து செய்வது. அதை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. செல்பேசி நோன்பு அதற்கு மேல் நாமாகச் சேர்ப்பது.

முழுவதுமாக விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அலுவலகச் செய்தியும் பள்ளிக் குழுவும் இரண்டே நாளில் உங்களைத் திரும்ப இழுத்துவிடும். இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளும் ஒரே அலமாரிக்குள் போகட்டும். காலை ஜெபத்துக்குப் பிறகு வெளியே வரட்டும். முதல் வாரம் வீட்டில் யாருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அதன் பிறகு பேச்சு வரும், சண்டையும் வரும்.

சாப்பிடாமல் மிச்சம் பிடித்த பணத்தை என்ன செய்வது?

இதற்கு மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிகமாக விட்டுவிடுவது இதைத்தான்.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் ஆயன்' என்ற நூலில் மிகத் தெளிவான வழி இருக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உட்கொள். வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிடு. அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. ஐந்தாம் நூற்றாண்டில் புனித பேதுரு கிறிசோலோகு, மன்றாட்டு, நோன்பு, இரக்கம் மூன்றும் ஒன்றையொன்று பிரிந்து வாழ முடியாதவை என்றார்: நோன்பு மன்றாட்டின் ஆன்மா, இரக்கம் நோன்பின் உயிர். எசாயா 58-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. நோன்பு நாளில் வேலையாள்களை வாட்டிக்கொண்டே தலையை நாணல்போல் வளைத்து நிற்பவர்களைப் பார்த்து, இதையா நான் கேட்டேன் என்கிறார் கடவுள். பசித்தவருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதே அவர் கேட்ட நோன்பு.

நாற்பது நாள் கறி வாங்காத வீட்டில் ஒரு தொகை மிஞ்சத்தான் வேண்டும். அது எங்கே போனது? பெரும்பாலும் பனீருக்கும் காளானுக்கும், உயிர்ப்பு ஞாயிறு பிரியாணிக்கும் போயிருக்கும். நாம் விட்ட சாப்பாடு இன்னொருவர் தட்டுக்குப் போய்ச் சேராத நோன்பைப் பாதி நோன்பு என்றுகூடச் சொல்லத் தயங்குவேன்.

ஆகவே கணக்கு எழுதுங்கள். சமையலறையில் ஒரு டப்பா வைத்து, வெள்ளிதோறும் அன்று செலவாகாத பணத்தை அன்றே போடுங்கள். மாதக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்றால் போட மாட்டீர்கள். பங்கில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் தவக்கால நிதி திரட்டினால் அங்கே கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது, பெயரும் முகமும் தெரிந்த ஒருவருக்குப் போவது நல்லது: தெருமுனையில் செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மருந்துச் செலவு. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுத்த பிறகுதான் தர்மம். கூலியை இழுத்தடித்துவிட்டு உண்டியலில் போடுபவரைத்தான் எசாயா திட்டினார்.

ஜெபத்தில் வளர எங்கே தொடங்குவது?

புத்தகத்தில் தொடங்கலாம். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்க வேண்டும், அதை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும் என்பதும் பெனடிக்டின் விதிதான். நமக்கு மாற்கு நற்செய்தி போதும். 16 அதிகாரம். இரண்டு நாளுக்கு ஓர் அதிகாரம் என்று நிதானமாகப் போனாலும் உயிர்ப்புக்கு முந்திய பெரிய வாரத்துக்குள் முடிந்துவிடும். தினம் கால் மணி நேரம், ஒரே இடத்தில், ஒரே வேளையில்.

மாற்கு கனமாக இருந்தால் ஏழு தவத் திருப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 6, 32, 38, 51, 102, 130, 143. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஒன்று. மூன்றாம் வாரத்தில் 51-ஆம் திருப்பாடல் பாதி மனப்பாடமாகிவிடும்.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் போங்கள். பதினான்கு நிலைகளையும் மைக்கில் வேகமாக வாசித்து முடிக்கும் பங்குகளில் அமைதிக்கு இடம் கிடைப்பதில்லை. முன்னதாகப் போய் ஏதாவது ஒரு நிலையின் முன் மட்டும் நின்றிருப்பது அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும், யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் காட்சிக்காக இரவெல்லாம் ஒத்திகை பார்க்கிறவர்களும் உடம்பையே ஜெபமாக்குகிறார்கள். அதைப் படிப்பாளிகள் ஏளனம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

பாவசங்கீர்த்தனம் கட்டாயமா?

சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே செய்த கனமான பாவங்களை, ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் அறிக்கையிட வேண்டும். பாஸ்கா காலத்தையொட்டி ஒருமுறையாவது நற்கருணை வாங்க வேண்டும். இரண்டும் கடமை. பெரிய வாரத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறீர்கள். தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் போனால் குருவுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் திருந்த நாள் இருக்கும்.

பாதியில் முறிந்துவிட்டால்?

அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். முதலிலிருந்து எண்ண வேண்டாம், அபராதமாக இரட்டிப்பாக்கவும் வேண்டாம். நாமாக எடுத்துக்கொண்ட தீர்மானத்தைத் தவறவிடுவது பாவம் அல்ல. வெள்ளிக்கிழமை என்பதையே மறந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டாலும் அதில் குற்றம் இல்லை. நினைவு வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது வாரத்தில்தான் பெரும்பாலும் முறியும். தொடக்கத்தின் வேகம் தீர்ந்திருக்கும், பெரிய வாரம் இன்னும் தூரத்தில் இருக்கும். நம் தீர்மானம் அளவுக்கு மீறியது என்று தெரிந்தால், கைவிடாமல் குறைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போனேன். எனக்காகவே கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய?

வெள்ளியோ, திருநீற்றுப் புதனோ என்றால் பணிவாகச் சொல்லிவிடுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூடப் புரிந்துகொள்வார்கள். விரதம் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற நாள் என்றால், அது நீங்களாக ஏற்ற தீர்மானம் மட்டும் என்றால், சாப்பிடுங்கள். புனித யோவான் கசியன் எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பார்க்கப் போனபோது, அங்கே விருந்தினருக்காக நோன்பை முறிப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, உன்னை நான் எப்போதும் வைத்துக்கொள்ள முடியாதே என்றார் ஒரு முதியவர். அவர் பிறகு தனிமையில் அதை ஈடுகட்டிக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது நாளும் எங்கேயாவது விருந்தாளியாகப் போய்க்கொண்டிருப்போம்.

தவக்கால வெள்ளியில் பெருவிழா வந்தால்?

இறைச்சி தவிர்ப்புக் கடமை அன்று இல்லை. 2027-இல் புனித யோசேப்பு பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமைதான்.

உடல் எடை குறைப்பதற்கும் சேர்த்து நோன்பிருக்கலாமா?

எடை குறைந்தால் குறையட்டும், வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் தினமும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்பவர் யாருக்காக நோன்பிருக்கிறார் என்பது அவருக்கே தெரியும். நாற்பது நாளைக்கு அந்தக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

மற்றத் திருச்சபையினர் எப்படி?

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் இதை லெந்து காலம் என்பார்கள். கூட்டங்கள், தியானங்கள், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை உண்டு. உணவு விதி அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. பெந்தெகொஸ்தே சபைகள் பொதுவாக லெந்து காலம் அனுசரிப்பதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் உபவாச ஜெபம் நடத்துகிறவர்கள் அவர்கள்தாம். பட்டினியோடு ஜெபிப்பதில் நமக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள். புரட்டஸ்தாந்து சபைகள் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் தவக்கால உணவு விதி பெரிய சண்டையாகவே இருந்தது. 1522 தவக்காலத்தில் சூரிச் நகரில் ஓர் அச்சகத்தில் வேண்டுமென்றே தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். உடனிருந்த போதகர் சுவிங்கிலி தாம் சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டவர்களுக்காக வாதாடினார். சுவிஸ் சீர்திருத்தத்தின் தொடக்கமாக அந்தச் சாப்பாட்டைச் சொல்வார்கள்.

கேரளத்தின் சிரிய மரபுக் கிறிஸ்தவர்கள் ஐம்பது நோம்பு என்று நீண்ட நோன்பிருப்பார்கள். அது திங்கட்கிழமையே தொடங்கிவிடும். கோவையிலும் சென்னையிலும் அவர்களுக்கு ஆலயங்கள் இருப்பதால், 'உங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் முன்னால்' என்ற கேள்வி அலுவலகங்களில் எழுகிறது.

ரமலான் நோன்போடு ஒப்பிட்டால் நம்முடையது ரொம்ப எளிது இல்லையா?

ஆம், சட்ட அளவில் எளிதுதான். 2026-இல் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. விடியல் முதல் சூரியன் மறையும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வேலை செய்யும் சக ஊழியருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு இரண்டு நாள் ஒருசந்தியைப் பற்றிப் புலம்புவது அழகல்ல. திருச்சபை சுமையைக் குறைத்தது, மீதியை நாமே மனமுவந்து சுமப்போம் என்ற நம்பிக்கையில். 1966-ஆம் ஆண்டு ஆவணம் தவத்துக்கு முடிவு கட்டவில்லை, அதன் வடிவத்தைத்தான் நம் கையில் கொடுத்தது. நாம் குறைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தவக்காலத்தில் திருமணம், புதுமனை புகுவிழா?

திருமணம் பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் மட்டும் கூடாது. மற்ற நாள்களில் சட்டத் தடை இல்லை, என்றாலும் நம் பங்குகளில் ஆடம்பரமான திருமணங்களைத் தவக்காலத்தில் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். புதுமனை புகுவிழா உயிர்ப்புக்குப் பிறகு வைத்தாலும் வீடு அங்கேயேதான் இருக்கும்.

பெரிய வெள்ளி நோன்பு எப்போது முடிகிறது?

கடமை அன்று நள்ளிரவோடு முடிகிறது. பல பங்குகளில் மாலை வழிபாடு முடிந்ததும் கஞ்சி கொடுப்பார்கள். அதையே அன்றைய ஒரு சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயலுமானால் அந்த நோன்பைப் பெரிய சனிக்கும் நீட்டிக்கச் சொல்கிறது. உடல்நிலை இடம் கொடுப்பவர்கள் அப்படிச் செய்யலாம். சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வீட்டுக்கு வர நள்ளிரவைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டி எதையும் சமைக்க முடியாது என்பதால், சனி மாலையே ஏதாவது செய்து மூடி வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போங்கள்.